ஒரே லைட், மூன்றரை வருடம்: என் பவளத் தொட்டி அனுபவம்

சிங்கப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 60 செ.மீ. நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன்மேல் மூன்றரை வருடமாக ஒரே 90 வாட் எல்.இ.டி. லைட்தான் தொங்குகிறது. ஆறாவது மாதத்தில் இதை எழுதியிருந்தால் லைட்டைத் திட்டித் தீர்த்திருப்பேன். பிராண்டைச் சொல்லவில்லை, இந்த வாட்டில் வரும் எந்த லைட்டுக்கும் இது ஏறக்குறைய பொருந்தும்.

பிரச்சினை என் கண்ணில் இருந்தது. கடைக்காரர் 40 சதவீதத்தில் வைத்து ஆரம்பிக்கச் சொன்னார். நீல விளக்கு என்பதால் கூடமே மங்கலாகத் தெரிந்தது. போன் ஆப்பில் அளந்தால் லக்ஸ் குறைவாகக் காட்டியது. பவளம் வேறு பழுப்படித்தது. வெளிச்சம் போதவில்லை என்று நானே முடிவு கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே தாவலில் 85க்கு ஏற்றினேன்.

பத்தே நாள். ஹேமர் என்ற வகைப் பவளம் சுருங்கி எலும்புக்கூட்டுக்குள் ஒடுங்கியது. மஷ்ரூம் வகைப் பவளம், பாறையை விட்டுக் கழன்று மூலையில் போய்ப் படுத்தது. தட்டு மாதிரி வளரும் பச்சை மோன்டிபோரா பவளத்தின் மேல்பக்கம் முதலில் வெளிறி, அப்புறம் சுத்த வெள்ளையானது. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குச் சமைத்துப் போடுகிறது. வெளிச்சம் திடீரென்று கூடினால் அந்தப் பாசியின் ஒளிச்சேர்க்கை தடுமாறி, நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகின்றன. பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. வெளுப்பதென்றால் இதுதான். பழுப்படிப்பது கிட்டத்தட்ட இதற்கு நேரெதிர்: வெளிச்சம் குறைந்தாலோ நீரில் நைட்ரேட், பாஸ்பேட் கூடினாலோ பாசி பெருகும். என் தொட்டியில் அன்றைக்கு நைட்ரேட் 30 பி.பி.எம். அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

பிறகு ஒரு நண்பரிடம் பார் மீட்டர் இரவல் கிடைத்தது. லக்ஸ் நம் கண்ணுக்காக வகுத்த அளவு. பச்சையை அதிகமாகவும் நீலத்தைச் சொற்பமாகவும் கணக்கில் எடுக்கும். பவளப் பாசிக்கோ நீலம்தான் முக்கியச் சாப்பாடு. பார் மீட்டர், ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளித்துகள்களை எண்ணுகிறது. 85 சதவீதத்தில் பாறை உச்சியில் 420, ஹேமர் இருந்த நடுத்தட்டில் 260, மணலில் 140. ஹேமர் வகைக்கு 80 முதல் 150 போதும். மஷ்ரூமுக்கு 50 இருந்தாலே தாராளம். அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்கள்தான் 200க்கு மேல் கேட்கும், அது அப்போது என்னிடம் இல்லவும் இல்லை! யாருக்காக அவ்வளவு ஏற்றினேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

45க்கு இறக்கினேன். ஹேமர் ஒரு மாதத்தில் விரிந்தது. மோன்டிபோராவில் பாதி தேறியது, மீதி எலும்பு மேல் இப்போது ஊதாப் பாசி படர்ந்திருக்கிறது. அக்ரோபோரா வைக்க ஆசைப்பட்டபோது வாரத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் கூட்டவில்லை. 60ஐ எட்ட எட்டு வாரம் ஆனது. அங்கே எதிர்பாராத ஒன்று நடந்தது. வளர்ச்சி வேகமெடுக்க, ஒரே வாரத்தில் ஆல்கலினிட்டி, அதாவது நீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டுகளின் அளவு, 8.5லிருந்து 7.2க்கு விழுந்தது. பவளம் எலும்பு கட்ட அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. லைட்டைக் கூட்டினால் அதை ஈடுகட்ட நீரில் ஊற்றும் மருந்தளவையும் கூட்ட வேண்டும் என்று பெட்டியோடு வந்த கையேட்டில் ஒரு வரி இல்லை.

இப்போதைய அமைப்பு: நீர்மட்டத்துக்கு 22 செ.மீ. மேலே லைட். பகல் 1 மணி முதல் இரவு 10 வரை, முதல் ஒரு மணி நேரம் ஏறுமுகம், கடைசி ஒரு மணி நேரம் இறங்குமுகம். நீலம் முழு விகிதத்தில், வெள்ளை 15 சதவீதம், சிவப்பும் பச்சையும் 3. வெள்ளையைக் கூட்டினால் மீன் அழகாகத் தெரியும், ஆனால் என் தொட்டியில் கண்ணாடி இரண்டு நாளில் பச்சையாகிவிடுகிறது.

லென்ஸில் உப்புப் படிவதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். மூன்று மாதம் துடைக்காமல் விட்டு, துடைத்த பிறகு அளந்தபோது அதே இடத்தில் 190, 225 ஆகியிருந்தது. அதுவும் பவளத்துக்குத் திடீர் ஏற்றம்தான். ஆகவே வாரம் ஒரு தடவை ஈரத்துணி, இல்லையென்றால் துடைக்கும் அன்று சதவீதத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேன் இரண்டாம் வருடத்தில் இரைய ஆரம்பித்தது. தூசு ஊதியதும் சரியானது.

ஊரிலிருந்து சிலர் இதே போலத் தொட்டி வைக்கலாமா என்று கேட்கிறார்கள். இந்தியாவில் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம். லைட் வாங்குவதற்கு முன்னால் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு லைட் வாங்குவேனா? வாங்குவேன், இதே மாடலையே. இரண்டையும் 30, 35இல் ஓட்டுவேன். ஒற்றை லைட்டில் மோன்டிபோரா தட்டு தன் நிழலைத் தானே கீழே விழவைத்து, அடியில் இருக்கும் கிளைகளைக் கொல்கிறது. போன வாரம்கூட அப்படி ஒரு அக்ரோபோரா கிளையை வெட்டி எடுத்தேன்.