மைனஸ் முப்பதில் நான்கு குளிர்காலம்: எங்கள் வீட்டு ஹீட்டிங் அனுபவம்

வீடு வாங்கும்போது சமையலறையைப் பார்த்தோம், சாமி படம் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்தோம். பேஸ்மெண்டில் நின்ற பழைய பர்னஸை, அதாவது வீடு முழுக்கச் சூடான காற்றை அனுப்பும் கேஸ் உலையை, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் குளிர்காலம் முடிவதற்குள் அது கண்ணை மூடிவிட்டது.

ஊர் கனடாவின் வினிபெக். ஜனவரியில் மைனஸ் 30 வந்தால் இங்கே யாரும் அதைப் பேச்சுக்குக்கூட எடுக்கமாட்டார்கள். மைனஸ் 40 வந்தால் செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்கவே வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

மூன்று பேரிடம் விலை கேட்டோம். பழையது 1,00,000 பி.டி.யூ. (ஒரு மணிநேரத்தில் எவ்வளவு சூடு தரும் என்பதற்கான அளவு), அதே அளவில் புதிதாகப் போட்டுவிடலாம் என்றார்கள் இருவர். மூன்றாமவர் மட்டும் சன்னல், சுவர், கூரைக்கு அடியில் சூடு வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷன் எல்லாவற்றையும் அளந்து கணக்குப் போட்டார். மைனஸ் 33-லும் 48,000 போதும் என்று வந்தது. தேவைக்கு மேல் பெரிய பர்னஸ் ஐந்து நிமிடம் எரியும், அணையும், மறுபடி எரியும். கூடம் வேகும், கடைசி அறை விறைக்கும். பழையது அதைத்தான் செய்துகொண்டிருந்தது. அவரையே பிடித்துக்கொண்டோம். கூரைக்கு அடியிலுள்ள அட்டிக்கில் காற்றுக் கசியும் இடங்களை முதலில் அடைத்தோம். பிறகு 60,000 பி.டி.யூ. கேஸ் பர்னஸும், அதனோடு, வெளிக்காற்றிலுள்ள சூட்டை மின்சாரத்தால் உள்ளே இழுத்து வரும் ஒரு ஹீட் பம்பும் வைத்தோம்.

ஹீட் பம்ப் மைனஸ் 25 வரை ஓடும் என்று காகிதத்தில் போட்டிருந்தது. ஓடுவது வேறு, வீட்டைச் சூடாக்கிக் காட்டுவது வேறு. பூஜ்யத்துக்குச் சற்று மேலே ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு சூடு தருகிற அதே இயந்திரம், மைனஸ் 20-ல் இரண்டு தரவே திணறுகிறது. முதலில் மைனஸ் 20-ல் கேஸுக்கு மாறும்படி வைத்திருந்தேன். இப்போது மைனஸ் 12. அக்டோபரும் ஏப்ரலும் ஹீட் பம்புக்கு, ஜனவரி முழுக்கக் கேஸுக்கு.

அம்மா வந்திருந்தபோது சூடான காற்று வரும் வென்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னடா, காத்து சூடாவே இல்ல, ரிப்பேரா?" என்றார். "ரிப்பேர் இல்லம்மா, இது இப்படித்தான். வெதுவெதுன்னு நிக்காம வந்துட்டே இருக்கும்" என்றேன். நம்பவில்லை. வெளியே ஹீட் பம்ப் யூனிட் தன்மேல் படிந்த பனியைத் தானே உருக்கும்போது ஆவி குபுகுபுவென்று கிளம்பியதைப் பார்த்து, "தீப்பிடிச்சிருச்சு" என்று கத்தியதும் அவர்தான்.

பெரிய தலைவலி வேறு இடத்திலிருந்து வந்தது. 96 சதவீதத் திறனுள்ள பர்னஸில் புகையோடு வரும் நீராவி குளிர்ந்து தண்ணீராகும். புகைக்குழாய் பர்னஸை நோக்கிச் சரிந்திருந்தால்தான் அந்தத் தண்ணீர் உள்ளே திரும்பி வடியும். கணக்கெல்லாம் கச்சிதமாகப் போட்டவரின் ஆட்கள் சரிவில் கோட்டைவிட்டுவிட்டார்கள். மைனஸ் 36-ல் ஒரு விடியற்காலை பர்னஸ் நின்றது; அதன் கட்டுப்பாட்டுப் பலகையில் சிவப்பு விளக்கு மூன்று முறை சிமிட்டியது. வெளியே போய்ப் பார்த்தால் குழாய் வாயில் பனிக்கட்டி அடைத்திருந்தது, பக்கத்தில் காற்றை உள்ளிழுக்கும் குழாயிலும் உறைபனி. கையில் கிடைத்த பிளாஸ்டிக் தோசைத் திருப்பியால் சுரண்டினேன். பத்து நிமிடத்தில் பர்னஸ் பிடித்துக்கொண்டது, என் விரல்களுக்கு உணர்வு வர அரைமணி ஆனது. குழாயைச் சரிசெய்து தர அவர்களிடம் மூன்று வாரம் போன் போட வேண்டியிருந்தது.

பணம் மிச்சமா என்று கேட்கிறவர்களுக்கு: இந்த ஊரில் கேஸ் மலிவு, ஹீட் பம்பால் குளிர்காலச் செலவு பெரிதாகக் குறையவில்லை. கோடையில் அதுவே ஏசி என்பதால்தான் எனக்குக் கட்டுப்படியானது. இன்னொன்று, கடும் குளிரில் இட்லி அவித்தால் சன்னல் கண்ணாடியில் பனி ஏறுகிறது. சிம்னி ஃபேனைப் போடாமல் அடுப்பு பற்றவைப்பதில்லை.

கரண்ட் போனால் கேஸ் இருந்தும் பயனில்லை, பர்னஸின் ஃபேன் சுற்றாது. போன டிசம்பரில் நான்கு மணிநேரம் கோட்டோடு உட்கார்ந்திருந்தோம். ஜெனரேட்டரை இணைக்க எலெக்ட்ரீஷியன் அடுத்த மாதம் வருகிறார்.