டேப்பெட் சத்தம் சுத்தமாகப் போய்விட்டதா? உடனே வண்டியை எடுத்துவிடாதீர்கள்

பல்சர் 150 மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள், டேப்பெட் (வால்வ் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்குரூ) சத்தத்துக்காகப் பட்டறையில் விடப்போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். நானூறு ரூபாய் வேலை என்று ஆரம்பித்தது, எனக்கு இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைப் பிரிக்கும் வரை போனது.

என் வண்டி 2014 மாடல், கார்புரேட்டர். ஹெட் பக்கம் தையல் மெஷின் ஓடுவதுபோல் டிக் டிக் என்று ஒரு சத்தம். முறுக்கினால் சத்தமும் வேகமாகும். மற்றபடி பிக்கப், மைலேஜ், ஸ்டார்ட்டிங் எதிலும் குறையில்லை. எப்போதும் கூட்டம் நிற்கிற ஒரு பட்டறையில் விட்டேன். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை.

ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திய சூட்டிலேயே கவரைக் கழற்றினார்கள். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவைத் திருகி, ராக்கரை (வால்வை அழுத்தித் திறக்கும் கை) விரலால் ஆட்டிப் பார்த்து இறுக்கிவிட்டார்கள். ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) யாரும் கையில் எடுக்கவே இல்லை. ஸ்டார்ட் செய்தால் சத்தமே கிடையாது. "அண்ணே, புது வண்டி மாதிரி ஆயிடுச்சு பாருங்க" என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். பில் கேட்டதற்கு, இந்தச் சின்ன வேலைக்கா என்றார்கள்.

ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தே ஆக வேண்டும். இந்த இன்ஜினுக்கு இன்லெட்டில் 0.05, எக்ஸாஸ்டில் 0.10 மில்லிமீட்டர், அதுவும் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு வைக்க வேண்டிய அளவு. இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிட்டால் சூட்டில் நீளும் வால்வ், தான் உட்கார்ந்து மூட வேண்டிய வளையமான சீட்டில் முழுசாக உட்காராது. புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வ் தன் சூட்டைப் பெரும்பாலும் அந்தச் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குத் தள்ளுகிறது. உட்கார வழியில்லாதபோது அதன் விளிம்பு எரிந்து அரிக்க ஆரம்பிக்கும், கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், கசியும். லூசான டேப்பெட் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். டைட்டானது சத்தமே இல்லாமல் வால்வைத் தின்றுவிடும்.

எனக்கும் அதுதான் நடந்தது. சில வாரங்களில் சிக்னலில் நின்றால் வண்டி அணைய ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் ஆகும், சூடானபின் நிறுத்தி எடுத்தால் ஆகாது. கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. அதே பட்டறையில் முதலில் பெட்ரோல் சரியில்லை என்றார்கள், கார்புரேட்டர் கழுவினார்கள், பிளக் மாற்றினார்கள், ஒவ்வொன்றுக்கும் பணம். கடைசியில் "போர் போயிடுச்சு, பிஸ்டன் மாத்தி ரீபோர் பண்ணணும், ஒன்பதாயிரம் ஆகும்" என்றார்கள். போர் போனது என்றால் சிலிண்டரின் உள்சுவர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியென்றால் புகை வரும், ஆயில் குறையும். எனக்குப் புகை துளி இல்லை, ஆயில் குறையவில்லை. அப்புறம் போர் எப்படிப் போகும்? வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

வேறொரு பெரியவர் ராத்திரி முழுக்க வண்டியை ஆறவிட்டு, காலையில் கேஜை விட்டுப் பார்த்தார். எக்ஸாஸ்டில் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. "தம்பி, இது போர் வேலையே இல்ல" என்றார். ஹெட்டைப் பிரித்ததும் வால்வின் விளிம்பில் அரித்த பள்ளம் தெரிந்தது. சிலிண்டரின் உள்சுவரில் தயாரிப்பின்போதே போடும் ஹோனிங் கோடுகள் தேயாமல் அப்படியே இருந்தன. புது வால்வ், சீட் கட்டிங், ஆயில் சீல், ஹெட் கேஸ்கெட், லேத் கூலி என்று செலவு நாலாயிரத்தைத் தொட்டது. பழைய வால்வைக் கையில் கொடுத்தார், வைத்திருக்கிறேன்.

டேப்பெட் வேலைக்கு விட்டால் பக்கத்தில் நில்லுங்கள். ஆறாத இன்ஜினில் கை வைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இடது பக்க மூடியைத் திறந்து, மேக்னட்டில் (இன்ஜினோடு சுற்றும் காந்தச் சக்கரம்) பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் டி (T) குறியை நேராகக் கொண்டுவந்துதான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். அந்தக் குறி எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிவிலும் வரும், அங்கே வைத்தால் எல்லாம் தப்பு. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் முடிவில் நிற்கும்போது இரண்டு ராக்கரும் லேசாக ஆடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூ கூடவே திரும்பிவிடும் என்பதால் கேஜை இன்னொரு தடவை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்தபின் மெல்லிய டிக் டிக் கேட்டால் அது இருக்கட்டும். காலையில் மட்டும் மொத்தையாகத் தட்டி, சூடானதும் குறைகிற சத்தம் என்றால் பிஸ்டன் பக்கம் பார்க்க வேண்டும். முறுக்கிவிட்டு விடும்போது கரகரவென்று உரசினால் டைமிங் செயின், இல்லையென்றால் அதன் டென்ஷனர். இவற்றைப் பிரித்துச் சொல்லாமல் நேராக ரீபோர் என்று ஆரம்பிப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

பில் கண்டிப்பாக வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதில் புகார் பதிந்திருக்கிறேன். சரிப்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. முதல் பட்டறையின் பில் இல்லாததால் போனில் பணம் அனுப்பிய பதிவுகளையும், அந்த வால்வையும், பெரியவர் எழுதிக் கொடுத்த பில்லையும்தான் ஆதாரமாக வைத்திருக்கிறேன்.