இன்று இரவு எது: என்னை அறிந்தாலா, துருவங்கள் பதினாறா?

வேலையை விட்ட போலீஸ்காரர், ஆறாத காயம், திரும்ப இழுக்கும் ஒரு வழக்கு. இரண்டு படத்திலும் சரக்கு இதுதான். ஒரே இரவில் இரண்டையும் பார்க்க முடியாதவர்களுக்காக இது.

நேரம்: 2015இல் வந்த 'என்னை அறிந்தால்' கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். 2016 கடைசியில் வந்த 'துருவங்கள் பதினாறு' இரண்டு மணி நேரம்கூட இல்லை.

ஊர்: முதல் படம் சென்னை, உறுப்புத் திருட்டுக் கும்பல். இரண்டாவது கோவை, ஒரு மழை இரவு.

காயம்: இங்கேதான் பெரிய வித்தியாசம். 'என்னை அறிந்தால்' படத்தில் அஜித் நடிக்கும் சத்யதேவ், மணக்கவிருந்த பெண்ணைப் பறிகொடுத்தவர். வேலையை விட்டு, அவளுடைய மகளைத் தன் மகளாக வளர்க்கிறார். அஜித் அந்த அப்பா வேடத்தில் அவ்வளவு இயல்பு. துப்பாக்கி எடுக்கும் காட்சிகளைவிட எனக்கு அதுதான் பிடித்தது. 'துருவங்கள் பதினாறு' படத்தில் நடிகர் ரகுமானின் தீபக் ஒரு காலை இழந்தவர். உட்கார்ந்து பழைய வழக்கைச் சொல்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரலில் ஏதோ இடிக்கிறது. அதற்கு மேல் சொன்னால் படம் கெட்டுவிடும்.

பாட்டு: அஜித் படத்துக்கு ஹாரிஸ் ஜெயராஜ் இசை. மற்றதில் பாட்டே கிடையாது.

வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்தால் அஜித் படம். நடுவில் எழுந்து காபி போட்டு வந்தாலும் கதை புரியும். தனியாகப் பார்ப்பதென்றால் கார்த்திக் நரேன் இயக்கிய 'துருவங்கள் பதினாறு'. போனைத் தள்ளி வையுங்கள். ஐந்து நிமிடம் விட்டால் அப்புறம் முதலிலிருந்துதான்.