தொங்கும் தீவனத் தொட்டி (10 கிலோ): நாட்டுக்கோழிக் கொட்டகைக்கு ஒன்று போதுமா?

கோழித்தீவனக் கடைகளில் கிடைக்கும் வழக்கமான பிளாஸ்டிக் தொட்டிதான்: கீழே தட்டு, மேலே உருளை, நடுவில் கம்பி. "ஐம்பது கோழிக்கு ஒன்று போதும்" என்று விற்கிறார்கள். கொள்ளளவுக்குச் சரி, கொத்துவதற்கு இடம் பற்றாது.

தட்டின் விட்டம் 38 செ.மீ. என்றால் சுற்றளவு ஏறக்குறைய 120 செ.மீ. வட்டத் தட்டில் கோழிக்கு 4 செ.மீ. என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999 முட்டைக்கோழி விதியில் உள்ள குறைந்தபட்சம். அந்தக் கணக்கிலேயே 30 கோழிதான் வரும். வயது கலந்த நாட்டுக்கோழிக் கூட்டத்துக்கு அதிலும் பாதி வைப்பதே நல்லது.

காரணம், கொத்து வரிசை. மேலே உள்ள கோழி கீழே உள்ளதைக் கொத்தும், கீழே உள்ளது திருப்பிக் கொத்தாது. நார்வே விலங்கியலாளர் ஷெல்டெரூப்-எபே 1920களின் தொடக்கத்திலேயே இதை எழுதிவைத்தார். வரிசை முடிவாகிவிட்டால் அடிதடி குறைந்துவிடும். மூத்த பெட்டை கழுத்தை நிமிர்த்தினாலே விடலை ஒதுங்கிவிடும். அதனால் கொட்டகை அமைதியாக இருக்கும், தட்டில் தீவனமும் மிஞ்சும், ஆனால் கடைசி இரண்டு மூன்று கோழிகள் இளைத்துக்கொண்டே போகும். அடையும் நேரத்தில் அவற்றின் கழுத்தடியில் தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். காலியாக இருந்தால் தட்டுப் பக்கமே விடவில்லை என்று அர்த்தம்.

எனவே 10 கிலோவில் ஒன்று வாங்குவதைவிட 5 கிலோவில் இரண்டு மேல். கொட்டகையின் இரு முனைகளில், ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி நடுவே சாக்குத் தடுப்பு கட்டித் தொங்கவிடுங்கள். ஒன்றைக் காவல் காக்கும் கோழியால் மற்றதைக் காக்க முடியாது.

தட்டு விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்தால் கிளறிக் கொட்டும், எச்சமும் விழும். தீவனம் தட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிற்காதபடி கம்பியில் உருளைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறையுங்கள். தூள் தீவனமானால் மழைக்காலத்தில் உருளைக்குள் கட்டிதட்டி இறங்காது, தினமும் தட்டிவிட வேண்டும். குருணைத் தீவனத்தில் இந்தத் தொல்லை குறைவு. விளிம்பில் கம்பித் தடுப்பு உள்ள மாடலே வாங்குங்கள். தடுப்பில்லாததில் சிந்தும் தீவனம் அதிகம்.

தலையிலும் கொண்டையிலும் காயம் என்றால் வரிசைச் சண்டை. தொட்டியைக் கூட்டியும் நிற்காவிட்டால், புதிதாக வந்த கோழியை ஒரு வாரம் வலைக்கு அப்பால் வைத்துக் கண்ணுக்குப் பழக்குங்கள். வாலிலும் ஆசனவாயிலும் கொத்தினால் அது வேறு வியாதி: நெருக்கடி, அதிக வெளிச்சம், புரதக் குறைவு ஆகியவற்றைப் பாருங்கள். அதற்கு எந்தத் தொட்டியும் உதவாது.