செரோக்கி வெளியேற்றமா, வர்ஜீனியா அடிமைச் சட்டங்களா: கட்டுரைக்கு எதை எடுப்பது?

தொடக்ககால அமெரிக்காவைப் பற்றி எழுத உட்காருபவர்கள் இந்த இரண்டில்தான் தடுமாறுகிறார்கள்: அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழ்ந்த செரோக்கி பழங்குடியினர் மேற்கே விரட்டப்பட்டது, ஆங்கிலேயக் குடியேற்றமான வர்ஜீனியா கறுப்பினத்தவரின் அடிமைநிலையைச் சட்டமாக்கியது.

பறிபோனது
செரோக்கி: நிலம். ஆட்கள் இல்லாத நிலமே ஜார்ஜியா மாநிலத்துக்கு வேண்டியிருந்தது.
வர்ஜீனியா: உழைப்பு. ஆட்கள் பெருகப் பெருக எஜமானுக்கு ஆதாயம்.

சட்டம்
செரோக்கி: 1830 வெளியேற்றச் சட்டம், பிறகு நிலத்தை விட்டுக்கொடுத்த 1835 நியூ எக்கோட்டா ஒப்பந்தம். அதில் கையெழுத்திட்டது செரோக்கிகளில் ஒரு சிறு குழுதான். அவர்கள் தலைவர் ஜான் ராஸ் எதிர்த்தார்.
வர்ஜீனியா: 1662 சட்டப்படி தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. ஆங்கிலேயர் வழக்கமோ தந்தைவழி. அதைத் தலைகீழாக்கியதால், எஜமான் தனக்குப் பிறந்த பிள்ளையையே சொத்துக் கணக்கில் எழுத முடிந்தது. 1667இல் இன்னொரு கதவும் மூடியது: ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை கிடையாது. 1705இல் எல்லாம் ஒரே தொகுப்பானது.

ஆவணம்
செரோக்கி: 1828 முதல் சொந்த எழுத்திலேயே செய்தித்தாள் நடத்தியவர்கள், அவர்கள் குரல் நேரடியாகக் கிடைக்கும். வெளியேற்றத்தில் இறந்தோர் சுமார் 4,000 என்பது மதிப்பீடு, எண்ணிக்கை அல்ல.
வர்ஜீனியா: சட்ட வாசகம் கைக்கு எட்டும். அடிமைகளின் சொந்தச் சொல் அந்தக் காலத்தில் மிக அரிது.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று: செரோக்கிகளில் வசதி படைத்தோரும் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தார்கள். 1838-39 கட்டாய வெளியேற்றப் பயணத்தில் அந்த அடிமைகளும் மேற்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். இதை விட்டால் கட்டுரை ஓட்டை.

பாதிக்கப்பட்டோரின் எதிர்க்குரல் வேண்டுமானால் செரோக்கி. அடிமைநிலை படிப்படியாகச் சட்டமானதைக் காட்ட வேண்டுமானால் வர்ஜீனியா. பக்க வரம்பு குறைவென்றால் 1662 சட்டம் ஒன்றே போதும்.