டிராவல் டிரெய்லர் இழுத்துச் செல்வோர் தவறும் இடங்கள்: ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகரில் வசிக்கும் எங்கள் குடும்பம் 2019 முதல் பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடான, இருபத்தைந்து அடி நீளமுள்ள ஒரு டிராவல் டிரெய்லரைப் பயன்படுத்தி வருகிறது. இரட்டை அச்சு, நிறுத்திய பின் பக்கவாட்டில் வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் ஒரு ஸ்லைடு-அவுட், 30 ஆம்பியர் மின் இணைப்பு கொண்ட நடுத்தரமான வண்டி அது. ஸ்மோக்கி மலைகள், அவுட்டர் பேங்க்ஸ் கடற்கரை, நியூ ஜெர்சியிலுள்ள உறவினர் வீடுகள் எனப் பல இடங்களுக்கு அதை இழுத்துச் சென்றிருக்கிறோம். வண்டி எங்களுக்கு மிகுந்த மனநிறைவைத் தந்திருக்கிறது. ஆனால் வாங்க நினைப்பவர்களுக்குச் சோபாவின் துணியையும் சமையலறையின் அழகையும் பற்றிச் சொல்வதைவிட, இவ்வளவு காலத்தில் சாலையிலும், டிரெய்லரை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டுகளிலும் நான் பார்த்த விபத்துகளையும் சேதங்களையும் பற்றிச் சொல்வதே பயன்படும் என்று நினைக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை ஓட்டத் தெரியாததால் நேர்ந்தவை அல்ல. எடை, உயரம், மின்னழுத்தம், நீரழுத்தம் ஆகியவற்றை யாரும் அளந்து பார்க்காததால் நேர்ந்தவை.

எடையிலிருந்தே தொடங்க வேண்டும். பிக்கப் விற்பவர் அந்த வண்டி 9,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்பார். டிரெய்லரின் விளம்பரத் தாளில் வெற்று எடை 5,200 பவுண்டு என்று இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு, கவலையில்லை என்று கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். உண்மையான எல்லை வேறிடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பயணிகள், சாமான்கள் எல்லாம் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அதுவே பேலோடு. டிரெய்லரின் முன்பாரம், அதாவது அதைப் பிக்கப்போடு இணைக்கும் ஹிட்ச்சின் மேல் அழுந்தும் எடை, இந்தக் கணக்கில்தான் சேரும்.

வாங்குவதற்கு முன் நாங்கள் போட்டுப் பார்த்த கணக்கு இது. குடும்பத்தினர் நால்வர் 620 பவுண்டு. கருவிப் பெட்டி, குளிர்ப்பெட்டி, இதர சாமான்கள் 150. முன்பாரத்தைத் தண்டுகளால் எல்லா அச்சுகளுக்கும் பகிரும் ஹிட்ச் மட்டும் ஏறத்தாழ 90. சாமான் ஏற்றிய டிரெய்லர் 6,500 பவுண்டு என்றால், அதில் 12.5 விழுக்காடு முன்பாரமாக 810. மொத்தம் 1,670. நாங்கள் முதலில் விரும்பிய பிக்கப்பின் ஸ்டிக்கரில் இருந்ததோ 1,480 பவுண்டுதான். அதே நிறுவனத்தின் அதே மாடலில், கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரங்கள், மின்விசை இருக்கைகள் எதுவுமில்லாத எளிய வகைக்கு 1,850 பவுண்டு இருந்தது. ஆடம்பர வசதி ஒவ்வொன்றும் பேலோடில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது. ஆகவே, விற்பனையாளரின் சொல்லையோ இணையத்திலுள்ள அட்டவணையையோ நம்பாமல், வாங்கப்போகும் அந்த ஒரு வண்டியின் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும்.

காகிதத்தில் போட்ட கணக்கை எடைமேடையில் சரிபார்ப்பதும் எளிது. நெடுஞ்சாலை ஓரத்து டிரக் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடைகள் இருக்கின்றன. பிக்கப்பின் முன் அச்சு ஒரு தட்டிலும், பின் அச்சு இரண்டாவது தட்டிலும், டிரெய்லரின் அச்சுகள் மூன்றாவதிலும் நிற்குமாறு ஏற்றினால் மூன்று எடைகளும் தனித்தனியே அச்சாகி வரும். எடை பகிரும் தண்டுகளை மாட்டி ஒருமுறையும், கழற்றி ஒருமுறையும், டிரெய்லரை அவிழ்த்துவிட்டு பிக்கப்பை மட்டும் ஒருமுறையும் நிறுக்க வேண்டும். தண்டுகள் இல்லாத நிலையில் பிக்கப்பின் இரண்டு அச்சுகளும் காட்டிய எடையிலிருந்து பிக்கப்பின் தனி எடையைக் கழித்தால் உண்மையான முன்பாரம் கிடைத்துவிடும். அது டிரெய்லரின் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஏன் இந்த அளவுக்குப் பிடிவாதம் என்பதற்கு நான் பார்த்த ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். சார்லட்டிலிருந்து வடக்கே போகும் ஐ-77 நெடுஞ்சாலை, வர்ஜீனியாவுக்குள் நுழைந்ததும் ஃபேன்சி கேப் மலையில் ஏறுகிறது. பக்கக் காற்றுக்கும் மூடுபனிக்கும் பெயர்போன இடம். அதன் இறக்கத்தில் எங்களுக்கு முன்னால் சென்ற ஒரு டிரெய்லரின் பின் பம்பரில் நான்கு சைக்கிள்கள் மாட்டியிருந்தார்கள். ஒரு பெரிய டிரக் அதைத் தாண்டியபோது, டிரக்கின் முகப்பு தள்ளிய காற்றில் டிரெய்லரின் வால் முதலில் ஓரத்துக்கு ஒதுங்கியது. டிரக் கடந்ததும் உள்ளே இழுபட்டது. பிறகு டிரக் போன பின்னும் ஆட்டம் நிற்கவில்லை, ஒவ்வொரு வீச்சிலும் அகலமாகிக்கொண்டே போனது. ஓட்டியவர் காலை எடுத்து வேகத்தைத் தானாகக் குறையவிட்டதால் அன்று ஒன்றும் ஆகவில்லை. பின்பாரம் ஏறிய மாட்டுவண்டி நுகத்தடியைத் தூக்குவதைப் போல, டிரெய்லரின் பின்புறம் ஏறும் ஒவ்வொரு பவுண்டும் முன்பாரத்தைக் குறைக்கிறது. முன்பாரம் குறைந்தால் வேகத்தில் வால் ஆடத் தொடங்குகிறது. எங்கள் டிரெய்லரில் நன்னீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. அதில் 40 கேலன் நிரப்பினால் 330 பவுண்டுக்கு மேல் பின்பாரம் கூடிவிடும் என்பதால், போகும் இடத்தில் குழாய் உண்டு என்று தெரிந்தால் நாங்கள் தொட்டியைக் காலியாகவே வைத்துப் போகிறோம்.

வால் ஆடும்போது பிக்கப்பின் பிரேக்கை அழுத்தக் கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக் கன்ட்ரோலரிலுள்ள கைப்பிடியால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் இயக்க வேண்டும். அது பின்னாலிருந்து இழுத்து இரண்டு வண்டிகளையும் நேர்கோட்டுக்குக் கொண்டுவரும். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்காமலே விரல் கண்டுபிடிக்கும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

எங்களுக்கு டிரெய்லரை விற்ற இடத்தில் ஹிட்ச்சையும் அவர்களே பொருத்தித் தந்தார்கள், ஆனால் அளவெடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து முன் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உயரத்தை டேப் வைத்துப் பார்த்தேன். டிரெய்லர் மாட்டும் முன் இருந்ததைவிட, மாட்டித் தண்டுகளை இறுக்கிய பிறகும் ஒன்றேகால் அங்குலம் கூடுதலாக இருந்தது. டிரெய்லரும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. முன் சக்கரங்களில் எடை குறைந்தால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பிடிமானத்தை இழக்கும். டிரெய்லரின் மூக்கு உட்காரும் ஹிட்ச் பந்தின் உயரத்தை ஒரு துளை இறக்கி, ஹிட்ச் தலையின் சாய்வைக் கூட்டியதும் வளைவு பழைய உயரத்துக்கு ஏறத்தாழ வந்துவிட்டது, டிரெய்லரும் மட்டமாக நின்றது. வேறொரு வண்டியை மாற்றியதைப் போன்ற வித்தியாசம் அன்றே தெரிந்தது. விலை கொடுத்து வாங்கியவருக்கு இந்த அளவுகளை எழுதித் தருவது விற்பவரின் கடமை என்றே கருதுகிறேன்.

மாட்டும்போது இன்னொரு சோதனையையும் விடக் கூடாது. டிரெய்லரின் முன்முனையிலுள்ள கவ்வியான கப்ளர் பந்தின் மேல் உட்கார்ந்ததைப் போலத் தோன்றினாலும், தாழ் பந்தின் அடியைப் பிடிக்காமல் இருக்கக்கூடும். தாழிட்ட பின் முன்புற ஜாக்கை மீண்டும் மேலே ஏற்றிப் பார்க்க வேண்டும். பிக்கப்பின் பின்புறமும் சேர்ந்து உயர்ந்தால் பிடித்திருக்கிறது என்று பொருள். ஒரு நிமிடம்கூட ஆகாது. பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுவதும், டிரெய்லர் கழன்றுவிட்டால் அதன் பிரேக்கை இயக்கும் அவசரக் கம்பியைச் சங்கிலியில் அல்லாமல் பிக்கப்பின் உடலோடு சேர்ந்த இடத்தில் மாட்டுவதும் இதே நேரத்தில் முடிந்துவிடும்.

அடுத்தது வழி. கைப்பேசி வரைபடம் காருக்கான வழியைத்தான் காட்டும். எங்கள் மாநிலத்தில் டர்ஹமில் உள்ள ரயில் பாலம் ஒன்று 11 அடி 8 அங்குல உயரத்தில் நின்று எத்தனையோ டிரக்குகளின் கூரையையும் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகளின் ஏசியையும் சுரண்டி எடுத்திருக்கிறது. 2019 அக்டோபரில் அதை 8 அங்குலம் உயர்த்திய பிறகும் மோதல்கள் நின்றபாடில்லை. எங்கள் டிரெய்லரின் உயரத்தை, ஏசியின் மூடிவரை நானே அளந்து, ஓட்டுநரின் கண்ணில் படும்படி எழுதி ஒட்டியிருக்கிறேன். நியூ ஜெர்சி போகும் வழியில் பால்டிமோரில் வேறொரு சிக்கல் உண்டு. ஐ-95இல் உள்ள ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கத்திலும், ஐ-895இல் உள்ள துறைமுகச் சுரங்கத்திலும் டிரெய்லர்களில் வழக்கமாக இருக்கும் புரோபேன் சிலிண்டர்களோடு நுழைய அனுமதி இல்லை. முன்பெல்லாம் ஐ-695இன் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் மாற்றுவழியாக இருந்தது. 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி அது இடிந்துவிட்டதால், அதே ஐ-695இன் மேற்கு அரைவட்டத்தைச் சுற்றித்தான் போகிறோம். நியூயார்க் பகுதியின் பார்க்வே சாலைகளோ தாழ்ந்த பாலங்கள் கொண்டவை. டிரெய்லருக்கு அங்கே இடமே இல்லை.

டயர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். டிரெய்லருக்கென்று செய்த எஸ்.டி. வகை டயர்களில் தனி வேகக் குறியீடு இல்லாவிட்டால் மணிக்கு 65 மைல்தான் பொதுவான எல்லை. டயரின் மேற்பரப்புப் பள்ளங்கள் தேயாமல் ஆழமாக இருந்தாலும் ஐந்தாறு ஆண்டில் மாற்றிவிட வேண்டும். பக்கச்சுவரிலுள்ள கடைசி நான்கு எண்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். வெடிக்கும் டயர் தனியாகப் போவதில்லை, மேலேயுள்ள தரையையும் தண்ணீர்க் குழாய்களையும் கிழித்துக்கொண்டுதான் போகும்.

கேம்ப்கிரவுண்டுக்கு வந்து சேர்ந்த பிறகு நடக்கும் சேதங்களில் மின்சாரமே முதன்மையானது. 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாட் தரும். ஏசி ஏறத்தாழ 1,500, இண்டக்‌ஷன் அடுப்பு 1,800, வெந்நீர்க் கலத்துக்குள் தண்ணீரைச் சூடாக்கும் மின்கம்பி 1,400. மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் பிரேக்கர் விழுவது திண்ணம். ஆகவே இட்லி வேகும்வரை வெந்நீருக்கு எரிவாயுவை மாற்றிக்கொள்கிறோம். பிரேக்கர் விழுவதைவிட ஆபத்தானது மின்னழுத்தம் இறங்குவது. ஜூலை மாதப் பிற்பகலில் எல்லா வண்டிகளிலும் ஏசி ஓடும்போது, பழைய கம்பிகள் கொண்ட இடங்களில் அழுத்தம் 105 வோல்ட்டுக்கும் கீழே சரிகிறது. ஏசியின் கம்ப்ரசர் அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறி, சத்தமில்லாமல் ஆயுளை இழக்கிறது. எங்களுடைய மின் பாதுகாப்புக் கருவி 104 வோல்ட்டுக்குக் கீழேயும் 132க்கு மேலேயும் இணைப்பைத் துண்டித்துவிடும். ஒரு கோடை மாலையில் அது அடுத்தடுத்து துண்டித்ததால்தான், நாங்கள் நின்ற இடத்தின் மின்பெட்டியில் பிடிமானம் தளர்ந்த சாக்கெட் இருப்பது தெரிந்தது. பிளக்கை உருவியபோது ஒரு தகட்டின் அடியில் பிளாஸ்டிக் பழுப்பாகி இளகியிருந்தது. வேறு இடம் கேட்டு மாறிவிட்டோம். பெட்டியிலுள்ள பிரேக்கரை அணைக்காமல் பிளக்கைச் செருகுவதும் உருவுவதும் இப்படித்தான் தகடுகளைக் கருக்குகிறது.

வீட்டில் டிரெய்லருக்குத் தனி சாக்கெட் போடுபவர்கள் இதை மறக்கவே கூடாது. 30 ஆம்பியர் என்றதும் சில மின்பணியாளர்கள் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குத் தருவதைப் போல 240 வோல்ட்டை இணைத்துவிடுகிறார்கள். டிரெய்லரைச் செருகிய கணத்தில், அதன் பேட்டரிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் கன்வெர்டர், மைக்ரோவேவ் எல்லாம் கருகிவிடும். சாய்ந்த இரண்டு துளைகளுக்கிடையே மல்டிமீட்டர் 120ஐக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே செருக வேண்டும்.

நம் சமையலோடு தொடர்புடைய ஓர் ஆபத்தும் உண்டு. சிறிய அறைக்குள் மிளகாய் வற்றல் தாளித்தால் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். அதைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டு மறந்துபோகும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தீ தூக்கத்தில் கொல்லக்கூடியது; பக்கத்து வண்டியின் ஜெனரேட்டர் புகையும் எரிவாயுக் கசிவும் அப்படியே. தாளிப்பை வெளி அடுப்பில் வைத்துக்கொள்ளலாம். எந்த எச்சரிக்கைக் கருவியிலும் கை வைக்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடையும் எரிவாயுவையும் கண்டறியும் கருவிகளுக்கு ஆயுள் வரம்பு இருப்பதால் பின்புறத் தேதியையும் பார்க்க வேண்டும்.

கழிவுத் தொட்டியில் நடக்கும் தவறு எல்லாரும் அறிந்ததே, ஆனாலும் ஓயவில்லை. சாக்கடை இணைப்பு இருக்கிறதே என்று கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்தால், நீர் வடிந்து திடக்கழிவு மட்டும் அடியில் குவிந்து கெட்டிப்படும். மூன்றில் இரண்டு பங்கு நிறையும்வரை மூடி வைத்து, பிறகு அதைத் திறந்து, அதன்பின் குளியல், சமையலறைக் கழிவுநீரைத் திறந்தால் குழாயும் கழுவப்பட்டுவிடும். முடித்ததும் கழிவறைத் தொட்டியில் சில கேலன் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். நன்னீர் பக்கம் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு இல்லாமல் குழாயை இணைக்கக் கூடாது; சில கேம்ப்கிரவுண்டுகளில் அழுத்தம் 100 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும், நாங்கள் 50க்கு மேல் விடுவதில்லை. டிரெய்லரை அவிழ்க்கும் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைப்பதும், ஸ்லைடைத் திறக்கும் முன் மட்டம் பார்ப்பதும், அவுட்டர் பேங்க்ஸ் போன்ற காற்று வீசும் இடங்களில் வெளியே கிளம்பும்போது வண்டியின் பக்கவாட்டில் விரித்த வெயில் துணியைச் சுருட்டிவிடுவதும் பழக்கமாகிவிட வேண்டியவை.

இவை எல்லாவற்றையும்விட அதிக டிரெய்லர்களை அழிப்பது கூரைவழி இறங்கும் தண்ணீர்தான். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நான் கூரையில் ஏறி, காற்றுத் துவாரங்கள், ஏணியின் கால்கள், முன்விளிம்பு ஆகியவற்றின் மேலுள்ள பசையை விரலால் தொட்டுப் பார்க்கிறேன். மயிரிழை விரிசலுக்கு ஒரு குழல் பசை போதும். விட்டுவிட்டால் பக்கச்சுவர் கொப்புளமாகப் புடைக்கும். அந்த நிலைக்கு வந்த வண்டியைப் பழையதாகக்கூட யாரும் வாங்கத் தயங்குவார்கள்.

குளிர்காலத்துக்குக் குழாய்களில் ஆர்.வி.க்கென விற்கும் இளஞ்சிவப்பு உறைதடுப்பு நீரையே விட வேண்டும், கார் ரேடியேட்டருக்கானது நஞ்சு. அப்போது வெந்நீர்க் கலத்தைக் காலிசெய்து, தண்ணீர் கலத்துக்குள் போகாமல் சுற்றிப் போகவைக்கும் பைபாஸ் வால்வைத் திருப்பி வைப்போம். ஏப்ரலில் மீண்டும் எடுக்கும்போது, சுடுநீர்க் குழாயில் தண்ணீர் வருவதைப் பார்த்துக் கலம் நிறைந்துவிட்டது என்று மின் சுவிட்சைப் போடுபவர்கள் பலர். பைபாஸ் குளிர்கால நிலையிலேயே இருந்தால் கலம் காலியாக இருக்கும்போதும் அந்தக் குழாயில் தண்ணீர் வரும். வறண்ட மின்கம்பியோ சுவிட்ச் போட்ட சற்று நேரத்திலேயே கருகிவிடும். வெளிப்புறத்திலுள்ள கலத்தின் பாதுகாப்பு வால்வின் நெம்புகோலைத் தூக்கி, அதிலிருந்து தண்ணீர் சீறி வந்த பிறகே நாங்கள் சுவிட்சைத் தொடுகிறோம்.