சப்தர்ஜங் சாலை, எண் 1: இந்திரா காந்தி நினைவில்லம், ஒரு பார்வை

தில்லியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு, ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் செங்கோட்டை, குதுப் மினார், இந்தியா கேட் என்று வழக்கமான ஒரு சுற்று உண்டு. அந்தச் சுற்றில் சப்தர்ஜங் சாலையிலுள்ள இந்திரா காந்தி நினைவில்லத்துக்கும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நுழைவுக் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை விடுமுறை. மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் லோக் கல்யாண் மார்க் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஆனால் இந்த வசதிகளுக்காக நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. இரு கட்டங்களாக ஏறத்தாழ 16 ஆண்டுகள் இந்நாட்டின் பிரதமராக இருந்த ஒரு பெண் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஆட்சி செய்தார் என்பதை அந்த வீட்டுக்குள்ளேயே நின்று பார்க்க முடிகிறது என்பதற்காகவே பரிந்துரைக்கிறேன்.

முன்பகுதி அறைகளில் ஒளிப்படங்களும் நாளிதழ் நறுக்குகளும் நிறைந்திருக்கின்றன. அவசரமாகக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். ஆனால் அவருடைய அரசியல் வாழ்க்கையின் வரிசை ஓரளவு தெரிந்து வருகிறவர்களுக்கு இந்தச் சுவர்களே போதும். 1959-இல் காங்கிரஸ் தலைவர், 1964-இல் சாஸ்திரி அமைச்சரவையில் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர், 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரி காலமானதும் பிரதமர் என்று ஏழே ஆண்டுகளில் நடந்த ஏற்றம் அது. அந்த ஏற்றத்தில் காமராசரின் பங்கு எவ்வளவு பெரியது என்பதைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாக்களித்தபோது இந்திராவுக்கு 355 பேரும் மொரார்ஜி தேசாய்க்கு 169 பேரும் ஆதரவளித்தனர். தாங்கள் தேர்ந்தெடுத்தவர் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடப்பார் என்று மூத்த தலைவர்கள் நினைத்திருந்தால், அந்த நினைப்பு நான்காண்டுகள்கூட நீடிக்கவில்லை. 1969-இல் கட்சி உடைந்தபோது காமராசர் எதிரணியில் இருந்தார்.

அந்த 1969-ஆம் ஆண்டை நான் எப்போதும் சற்று நின்று எண்ணிப் பார்ப்பதுண்டு. மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித்துறையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, ஜூலை 19 அன்று 14 வங்கிகளை அவர் நாட்டுடைமையாக்கினார். அடுத்த பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தைத் தாமே படித்தார். அந்த அவையில் அதைச் செய்த முதல் பெண் அவர்தான். மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன், முழுநேர நிதி அமைச்சராகப் பொறுப்பேற்ற முதல் பெண் என்ற பெயருடன் 2019-இல் அதே பணியைச் செய்யும் வரை, இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்திருக்கிறது. பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறவர்கள் இந்த இரு ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். உயர்பதவியை ஒரு பெண் எட்டினாலே வழி திறந்துவிடும் என்ற எளிய நம்பிக்கை தவறு என்பதை அவர்கள் இளவயதிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

உள்ளே போகப் போக வீடு வீடாகவே இருக்கிறது. படிப்பறை, உணவறை, வரவேற்பறை ஆகியவற்றைக் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்க்கலாம். புத்தக அலமாரிகளும் அளவான இருக்கைகளும்தான் கண்ணில் படுகின்றன. ஆடம்பரம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. இந்தப் பகுதியை நினைவில்லத்தின் ஆகச் சிறந்த பகுதியாக நான் கருதுகிறேன்.

இதே அளவு நிறைவை அரசியல் வரலாற்றுப் பகுதியைப் பற்றிச் சொல்ல முடியவில்லை. 1971 வங்கதேசப் போர், 1974 பொக்ரான் அணுச் சோதனை போன்ற வெற்றிகளை நினைவுகூர வருகிறவர்களுக்கு இது நிறைவளிக்கும். 1975 ஜூன் 12-இல் அவருடைய தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அதே மாதம் 25-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை, 21 மாதச் சிறைவாசங்களும் தணிக்கையும், 1977-இல் ரேபரேலியில் அவரே தோற்றது ஆகியவற்றை ஆழமாக அறிய விரும்புகிறவர்கள் வேறெங்காவது தேட வேண்டும். நேசித்தவர்கள் எழுப்பிய நினைவிடம் என்பதால் இதை ஓரளவு புரிந்துகொள்ள முடிகிறது. ஆனாலும் நெருக்கடி நிலையைச் சுருக்கிச் சொன்னால் அந்த ஆட்சியின் முழு அளவு பிடிபடாது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் பெரியவர்கள் மனத்தில் வேறு கேள்விகள் இருக்கும். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது அமைச்சராகச் சென்னைக்கு விமானமேறி வந்தவர் இவர். ஆங்கிலம் தொடர்வதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்த 1967-ஆம் ஆண்டுத் திருத்தமும் இவர் ஆட்சியில் வந்ததுதான். கச்சத்தீவு ஒப்பந்தம் 1974. தி.மு.க. ஆட்சிக் கலைப்பு 1976 ஜனவரி 31. கல்வியைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றிய 42-ஆம் திருத்தம் அதே ஆண்டு. இத்தனைக்கும் பிறகு 1980 தேர்தலில் “நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக” என்று வரவேற்றவர், ஆட்சியை இழந்த அதே கலைஞர். விளக்கக் குறிப்புகள் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே இருப்பதால், இந்தக் கதைகளையெல்லாம் உடன் செல்கிறவரே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டிலேயே சற்றுப் பேசிவிட்டுக் கிளம்பினால் வந்தவர்களுக்குப் பயன் இரட்டிப்பாகும்.

இறுதி நாளுக்கான பகுதியைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது. 1984 அக்டோபர் 31 காலையில் அவர் அணிந்திருந்த காவி நிறக் கைத்தறிப் புடவை, குண்டு துளைத்த தடங்களோடும் இரத்தக் கறையோடும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. வெளியே, அலுவலகம் இருந்த அக்பர் சாலைப் பக்கத்துக்கு அவர் நடந்த பாதையைப் படிகக் கண்ணாடியால் மூடியிருக்கிறார்கள். அவர் விழுந்த இடம் தனியே குறிக்கப்பட்டிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி அணிந்திருந்த உடையின் எச்சங்களும் இங்கேயே உள்ளன. தமிழர் யாரும் அந்தப் பேழையைச் சட்டென்று கடந்துவிட முடியாது. தம் மண்ணின் ஊர்ப்பெயரை அங்கே படிக்கும்போது பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

அன்றைய தினம் நேரமிருந்தால், அருகிலுள்ள தீன்மூர்த்தி வளாகத்தில் 2022 ஏப்ரலில் திறக்கப்பட்ட பிரதமர்கள் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம். அங்கே நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும், நேரமும் கூடுதலாகத் தேவைப்படும். அவருக்கு முன்னும் பின்னும் அப்பதவியில் இருந்தவர்களோடு வைத்து அவரை மதிப்பிட அது உதவும். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதானால், சப்தர்ஜங் சாலைக்குக் காலையில் முதலில் சென்றுவிட வேண்டும். பிற்பகலில் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிட்டால், சுவரிலுள்ள நறுக்குகளை நின்று படிக்க இடம் கிடைப்பது கடினம்.